பாண்டி ரோட்டுத் தவளைக்காரம்மா

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், ஒருவரைப் பற்றி எழுதி மற்றவர்களுக்குப் படிக்கக் கொடுப்பது கொஞ்சம் அதிகம்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் துணிந்துவிட்டேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிக் கெடுதலாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றினால் அதைப் பொறுக்க வேண்டாம். அது தெரிந்தே எழுதுவது.

நயா பைசா வந்து சில வருஷம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் பாண்டி ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கும் மரவாடிக்கும் நடுவில் அவருடைய அறை இருந்தது. இரத்தம், சிறுநீர், சளி, மலம் பரிசோதிக்கப்படும் என்று பலகை. அதில் அவர் பெயரைவிட, பக்கத்தில் இருந்த பி.எஸ்ஸி. என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தவளைக்காரம்மா என்றால் ஜட்கா வண்டிக்காரர்கூட வழி காட்டுவார்.

பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி. அடியில் ஈர மணல், மேலே கம்பி வலை. உள்ளே தேரைகள். எல்லாம் ஆண் தேரைகள். ஒரு பெண் கர்ப்பமா இல்லையா என்று பார்க்க அந்தக் காலத்தில் அதுதான் வழி. அவளுடைய காலைச் சிறுநீரைத் தேரையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். சில மணி நேரம் கழித்துத் தேரையின் நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அவள் கர்ப்பமாக இருந்தால் தேரை விந்து விட்டிருக்கும். இல்லையென்றால் ஒன்றும் இருக்காது. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது இல்லாமல் அவர் இல்லை.

அவர் ஊசி போடும் தேரையை முதலில் ஒரு தடவை சும்மாவே பார்ப்பார். புதிதாக வந்த தேரை என்றால் பல நாள் தனியாகக் கிடக்கவிட்டு, பிறகும் பார்ப்பார். மழை பெய்து ஏரியில் கத்திக்கொண்டிருந்த தேரை, யார் சிறுநீரையும் ஏற்றாமலே விந்து விட்டுக்கொண்டிருக்குமாம். அதைப் பார்க்காமல் ஊசி போட்டால் கன்னிப்பெண்ணும் கர்ப்பமாகிவிடுவாள் என்பார். அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

அவரிடம் இரண்டு விதமான ஊசிகள் இருந்தன. மெல்லிசு ஒன்று, தடிசு ஒன்று. யாருக்கு எது என்பதை நோயாளியின் நரம்பு தீர்மானிப்பதில்லை. எதிரில் ஓட்டல் வைத்திருந்தவர் ஒரு நாள் பையனிடம், "அந்தம்மா குடிச்ச டம்ளர வெந்நீர்ல போடுறா, சொறித்தவளை தொட்ட கை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம். தவளைக்காரம்மா காப்பியை முடித்துவிட்டு வந்துவிட்டார். எத்தனையோ மாசம் கழித்து ஓட்டல்காரருக்குச் சர்க்கரை இருக்கிறதோ என்று சந்தேகம். ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். தவளைக்காரம்மா அடுப்பில் கொதித்த தண்ணீரிலிருந்து தடிசு ஊசியை இடுக்கியால் எடுத்தார்.

"உங்க நரம்பு ஓடிக்கினே இருக்குது அண்ணே" என்று ஒரு குத்து. "இங்கயும் இல்லியே" என்று இன்னொன்று. ஓட்டல்காரருக்கு வேர்த்துவிட்டது.

"இன்னாம்மா இது, கடப்பாறையாட்டம் இருக்குது!"

"பயப்படாதீங்க. வெந்நீர்ல போட்ட ஊசிதான்."

ஓட்டல்காரருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது குத்தில் நரம்பு சரியாகக் கிடைத்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அப்போது எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

இன்னொரு நாள் அரக்கு நிறப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கடை திறந்தார். ஏதாவது விசேஷமா என்று கேட்டேன். "எங்க சித்தப்பா செத்துட்டாரு" என்றார்.

"போவலியாக்கா?"

"டிரெயின தவற உட்டுட்டேன்."

ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். பி.எஸ்ஸி. முடித்து, டாக்டர் படிப்புக்குப் பட்டணத்தில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லை. சித்தப்பாதான் அழைத்துப் போக வேண்டும். அவர் வேண்டுமென்றே மெதுவாக வண்டி பூட்டி, மெதுவாகச் சாப்பிட்டு, ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு வேணாம்னு அந்த முருகனே நெனைக்கிறான்" என்று சொல்லித் திரும்பி அழைத்துப் போய்விட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவர் பட்டுச் சேலையோடு பிறர் சளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சீட்டு கிடைக்காத பிள்ளைகளின் அப்பாக்கள் அவரிடம் யோசனை கேட்க வருவது உண்டு. வளவனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார்.

"பையன் ஜுவாலஜி முடிச்சிருக்கான்மா. மெடிக்கல்ல எடம் கெடைக்கல. உங்களாட்டம் எதுனா பண்ணலாமான்னு..."

"பண்ணலாமே. மருந்துக் கம்பெனியில சேந்து பையத் தூக்கிக்கினு ஊர் ஊரா போவலாம். எக்ஸ்ரே கத்துக்கலாம். கண்ணாடிக்கு நம்பர் பாக்கலாம். மலேரியாக்காரங்களோட ஊடு ஊடா போயி ரத்தம் எடுக்கலாம். இல்லாட்டி என்னாட்டம் குந்திக்கினு பாட்டிலு பாட்டிலா பாக்கலாம். சோத்துக்குப் பஞ்சமில்ல."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது.

"எதுல போனாலும் ஒண்ணுங்க. கடைசியில ஒரு டாக்டரு ரூம் வாசல்ல போயி நிக்கணும். வான்னா வரணும், போன்னா போவணும். உங்க பையனுக்கு ரோஷம் கீஷம் உண்டா?"

"அதெல்லாம் இல்லீங்க. தங்கமான பையன்."

"அப்ப நல்லா வருவான், போங்க."

இதையெல்லாம் நான் பார்த்தது, என் வாழ்க்கை அந்த அறை பெஞ்சில் மாட்டிக்கொண்டு இருந்த மழைக்காலத்தில்.

எனக்குக் கல்யாணம் ஆகி அப்போது ஒரு வருஷம்தான். புகுந்த வீடு திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், ஓமந்தூருக்குக் கிட்டத்தில். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சேர்ந்து, சித்திரை மாசம் வடக்கே டிரெயினிங் போனார். தை பிறந்துதான் திரும்புவார். ஐப்பசியில் எனக்கு ஓயாத வாந்தி, தலைசுற்றல். மாசாமாசம் வர வேண்டிய தூரமும் நின்றுபோயிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது என்று மாமியார்தான் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவருடைய நர்சிங் ஹோமிலேயே தேரைச் சோதனையும் உண்டு. என்னிடம் ஒரு பாட்டில் வாங்கினார்கள். மத்தியானம் முடிவு சொன்னார்கள். முழுகாமல் இருக்கிறேன் என்று.

மாமியார் விறுவிறுவென்று வெளியே நடந்தார். பஸ் ஸ்டாண்டு வந்ததும் ஓமந்தூர் பஸ்ஸைக் காட்டாமல் விழுப்புரம் பஸ்ஸைக் காட்டினார்.

"உங்கம்மா ஊட்டுக்குப் போ. என் புள்ள வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"அத்தே, சத்தியமா நான்..."

"ஏறுடி. ஊரு பாக்குது."

நாத்தனாருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். தை மாசத்துக்குள் என் பெயர் சுத்தமாகாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என் இடம் போய்விடும். இது எல்லாருக்கும் தெரியும். லோகோ ஷெட்டில் வேலை செய்த என் அண்ணன்தான் என்னை அந்த அறைக்கு அழைத்துப் போனார்.

தவளைக்காரம்மா எல்லாவற்றையும் சோதித்தார். வயிற்றில் கொக்கிப்புழு, ரத்தமே இல்லை, அதனால்தான் வாந்தியும் மற்றதும் என்றார். தேரையை மூன்று தடவை மாற்றிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. உனக்குப் புள்ளையும் இல்ல, கிள்ளையும் இல்ல. எவன் சொன்னான் முழுவாம இருக்கன்னு?"

அண்ணன் அந்தத் திண்டிவனத்து டாக்டரைச் சொன்னார். அதைக் கேட்டதும் தவளைக்காரம்மா கையிலிருந்த கண்ணாடித் தகட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கடையில் சாமான் வாங்குகிறவர் பார்க்கிற மாதிரி.

"இத எழுதிக் குடுங்கம்மா, கையோட போயி மாமியார்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்றார் அண்ணன்.

"நான் எழுதிக் குடுத்தா நம்புவாங்களா? பொறந்த ஊட்டுக்காரங்க சொல்லி எழுதி வாங்கினதுன்னுவாங்க. அந்த ஆளு வாயாலயே தப்புன்னு வரணும். மழை வரட்டும்."

"மழைக்கும் இதுக்கும் இன்னாம்மா?"

"வரட்டும், சொல்றேன்."

மழை வரவில்லை. ஐப்பசி அடைமழை நின்று வெயில் அடித்தது. அவர் கொடுத்த பூச்சி மருந்தில் எனக்கு உடம்பு தேறி, தூரமும் வந்தது. அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! இனிமே கலைச்சுட்டு வந்தான்னு சொல்லுவாங்களேடி." அண்ணன் மறுபடியும் போய்க் கெஞ்சினார். "மழை வரட்டும்" என்பதே பதில். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் உண்மைக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது. தெருக்காரிகள் கேட்கிற கேள்விக்குப் பயந்து, காலையிலேயே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அவர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, வேலை ஏதும் சொல்லவும் இல்லை. மேகம் கட்டினால் மட்டும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில், "கெளம்பு" என்றார்.

ஊருக்குப் போனபோது மாமியார் கூடத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவளைக்காரம்மா கேட்காமலே எதிரில் உட்கார்ந்து தானும் இரண்டு மல்லாட்டையை உரித்து வாயில் போட்டார்.

"நீ யாரு?"

"விழுப்புரத்துல ரத்தம் மூத்திரம் பாக்கிறவ. உங்க மருமவளுக்கு ஒண்ணுமில்ல."

"டாக்டரு சொன்னாரே!"

"டாக்டரு தப்பா சொன்னாரு. இன்னொருக்கா பாருங்க."

"இன்னும் எதுக்கு? கலைச்சுட்டு வந்து குந்திக்கினு இருக்கா. இப்ப பாத்தா இல்லன்னுதான் வரும். நான் இன்னா கேனச்சியா?"

"அதான் நானும் சொல்றேன். அவளோடது வேணாம். உங்களோடத ஊத்துங்க. அவ பேர்ல குடுங்க. அந்த ஆளு இன்னா சொல்றாருன்னு உங்க காதால கேளுங்க."

மாமியார் உரிப்பதை நிறுத்தினார். அவர் தாலியறுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தலை முழுக்க நரை.

"அடி செருப்பால! யாரு ஊட்டுல வந்து இன்னா பேச்சு பேசற?"

"இல்லன்னு வந்தா நான் கடைய இழுத்து மூடிட்டுப் போறேன். இவளயும் நீங்க திரும்பிப் பாக்க வேணாம்."

மாமியார் பந்தயம் என்றால் பின்வாங்குகிற ஆள் இல்லை. அது தவளைக்காரம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். நாங்கள் அன்றைக்கு அங்கேயே தங்கினோம். விடிந்ததும் மாமியார் பாட்டிலைத் தானே நிரப்பி, தானே மூடி, மடியில் கட்டிக்கொண்டார். எங்கள் இருவரையும் தொடவிடவில்லை.

நர்சிங் ஹோமில் நல்ல கூட்டம். பாட்டிலை வாங்கியது டாக்டரின் அக்காள் மகன். சோதனை செய்வது அவன்தான். நாங்கள் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில், முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அவன் வெளியே வந்து, மாமியாரைப் பார்த்து அலுப்போடு சொன்னான்.

"எத்தினி தடவைம்மா பாப்பீங்க? மொத தடவை சொன்னதுதான் இப்பவும். உங்க மருமவ முழுவாமதான் இருக்கா."

மாமியார் பெஞ்சிலிருந்து எழுந்தார். "நல்லா பாத்தியா தம்பி?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"சந்தேகமே இல்லியா?"

"இல்லம்மா. வழிய உடுங்க."

"யோவ், டாக்டரே!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். "வெளிய வாய்யா! அந்த பாட்டிலு என் மருமவளோடது இல்ல. என்னோடது! நான் முழுவாம இருக்கேனாமே! எங்க ஊட்டுக்காரரு செத்து, நட்ட தென்னங்கன்னு காய்க்கிது. யாருய்யா இதுக்கு அப்பன்? நீயா, உங்க அக்கா மவனா?"

கூட்டம் முதலில் விழித்தது, பிறகு சிரித்தது. சிரிப்பு நின்றதும் வேறு சத்தம் ஆரம்பித்தது. எங்க பொண்ணுக்கும் இங்கதான் பாத்தோம், எங்க தங்கச்சிக்கும் இங்கதான் என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். டாக்டர் வெளியே வந்து கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒருவரும் உட்காரவில்லை. மாமியார் விடுவதாக இல்லை. "தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கம்மா" என்று கடைசியில் அவர் வாயால் வந்தது.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த தவளைக்காரம்மா எழுந்து, முக்காட்டை எடுத்துவிட்டு, நேராக டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டருக்கு முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

"பாட்டில் கழுவ ஆளு வேணுமா சார்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

பாட்டில் கழுவுவது என்ன கதை என்று விழுப்புரம் போகிற பஸ்ஸில் நான் கேட்டேன். அந்த நர்சிங் ஹோமில் தேரைத் தொட்டி கட்டி, சோதனையை ஆரம்பித்ததே தவளைக்காரம்மாதானாம். பட்டணத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்க்க வந்தபோது, இதெல்லாம் என் அக்காள் மகன் செய்கிறான் என்று சொன்னாராம் டாக்டர். இந்தப் பெண் யார் என்று வந்தவர் கேட்டாராம். பாட்டில் கழுவுகிற பெண் என்றாராம். கையில் பாட்டில் இருந்ததாம். "கழுவிட்டு வச்சிட்டு, அன்னிக்கே வந்துட்டேன்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சந்தோஷமாக இருந்ததை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன். வாயில் மல்லாட்டையை மென்றுகொண்டே வந்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். பஸ் ஏறும் முன் மாமியார் என் கையைப் பிடித்து, "நாளைக்குக் காலையில நானே வந்து இட்டுக்கினு போறேன். எதயும் மனசுல வச்சிக்காத" என்று சொல்லியிருந்தார். என் துணிப்பை அறையில் இருந்ததால் அதை எடுக்க அவரோடு போனேன்.

வாசலில் தேரை பிடித்துத் தருகிற பெரியவர் சைக்கிளோடு காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரிந்தது.

"இன்னாம்மா, திண்டிவனத்துல ஒரே பேஜாராமே! பஸ்காரங்க பேசிக்கினு போறாங்க."

"ஆமா."

"நீங்க சொன்னபடியே மொத மழையிலேருந்து திண்டிவனத்துக்காரங்களுக்கு ஏரியில ஜோடி போட்டுக்கினு கெடந்ததாத்தான் பாத்துப் பாத்துக் குடுத்தேன். உங்களுக்குக் கல்லுக்கடியில கெடந்தது. ஒண்ணுகூட மாத்தல."

தவளைக்காரம்மா மறைக்கவில்லை. பெரியவரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அக்கா, மொத மழையிலேருந்தா?"

"ஆமா."

"அப்ப என்னோடது..."

"உன்னோடதும்தான்." ஊசிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டார். "ஊசி போட்டது நான் இல்ல. தேரைய ஒரு தபா பாத்துட்டுப் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அந்தப் பையன் பாக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். எவளாச்சும் ஒருத்தி அழுதுக்கினு வருவான்னு குந்திக்கினு இருந்தேன். நீ வந்த."

"வேற யாருக்குனா..."

"இருக்கலாம். வந்தவ நீ ஒருத்திதான்."

திண்டிவனத்தைச் சுற்றிக் கிணறு இல்லாத கொல்லை கிடையாது. அதை அவரிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. எனக்கும் கிணற்றில் விழுகிற நினைப்பு இரண்டு தடவை வந்தது என்றும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் நல்லபடியா முடிஞ்சுதே. போயி நல்லா பொழை. நாளைக்குப் பூ வச்சிக்கினு போ" என்றார். சொன்ன குரலில் கபடம் இல்லை. என்மேல் அவருக்குப் பிரியமும் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சரி என்று தலையாட்டினேன். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடமும் அண்ணனிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். திண்டிவனத்தில் இறங்கியதும், அந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்த நாய் முகத்தில் எதற்கு விழிக்க வேண்டும் என்று மாமியார் கேட்டார். போனோம். நோயாளிகள் யாரும் இல்லை. டாக்டர் உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே, தேரை எங்கிருந்து யார் சொல்லி வந்தது என்பதையும், பிடித்துத் தருகிறவர் எந்த ஊர் என்பதையும் சொன்னேன். மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பன்னிரண்டரை பஸ்ஸில் ஊருக்குப் போனோம்.